ராப் பாடல்களும் நம் பிள்ளைகளின் நாவும்



2024ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரத்தில், இரண்டே நாள் இடைவெளியில், அமெரிக்காவிலிருந்து இரண்டு ராப் பாடல்கள் வெளிவந்தன. மே 4ஆம் நாள் வந்த ‘நாட் லைக் அஸ்’, கென்ட்ரிக் லமார் என்னும் பாடகர் டிரேக் என்னும் மற்றொரு பாடகரை இகழ்ந்து பாடியது. மே 6ஆம் நாள் வந்த ‘ஹிந்த்ஸ் ஹால்’, மேக்லமோர் என்பவர் காஸாவின் மக்களுக்காகப் பாடியது. இரண்டும் சில நாள்களில் உலகெங்கும் பரவி, நம் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தன. அதன்பின் எத்தனையோ புதிய பாடல்கள் வந்துவிட்டன. (2015 முதல் வெள்ளிக்கிழமையைத்தான் இசை நிறுவனங்கள் உலகம் முழுவதற்குமான வெளியீட்டு நாளாக வைத்திருக்கின்றன. நாம் ஜும்ஆவுக்குக் குளித்துக் கிளம்பும் நாளில்தான் அவர்களுடைய சந்தையும் கூடுகிறது.) ஆயினும், புதிதாக வரும் ஒரு பாடலைப் பற்றி முஸ்லிம் குடும்பம் ஒன்று எப்படிக் கருத்துக் கொள்ள வேண்டும் என்று சிந்திப்பதற்கு இந்த இரண்டையும்விடப் பொருத்தமான எடுத்துக்காட்டுகள் நமக்குத் தென்படவில்லை. சூடு ஆறிவிட்டது, இவற்றால் விளைந்தது என்ன என்பதும் இப்போது தெரிகிறது.

நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவுக்கு மக்ரிபுக்குப் பின் வரும் மாணவர்கள் பகலில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் படிப்பவர்கள். “ஹஜ்ரத், இந்தப் பாட்டைக் கேட்கலாமா?” என்று அவர்கள் கேட்கும்போது, ஹலாலா ஹராமா என்ற ஒற்றைச் சொல் விடையை மட்டும் அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. அந்தப் பாடலைப் பற்றி நம்மிடம் ஒரு கருத்து இருக்கிறதா, அதை அறிந்துதான் பேசுகிறோமா என்பதையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். பெற்றோர்களின் கேள்வி வேறு வகையானது. “போனைப் பிடுங்கிவிடலாமா, ஹஜ்ரத்?” என்கிறார்கள்.

இசைக்கருவிகளைப் பற்றிய சட்டம் இந்தக் கட்டுரையின் பொருளன்று. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளையும் துளைக்கருவிகளையும் விலக்கியுள்ளனர். திருமணம், பெருநாள் போன்ற வேளைகளில் தஃபுக்கு இடமளித்துள்ளனர். இப்னு ஹஸ்ம் முதலான சிலரின் மாற்றுக் கருத்தும் நூல்களில் உண்டு. நாம் பெரும்பான்மையின் வழியில் நிற்பவர்கள். எனவே இந்தப் பாடல்களை வகுப்பில் ஒலிக்கவிட்டதில்லை. மாணவர்கள் வரிகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தனர். அகராதியை வைத்துக்கொண்டு பொருள் கண்டோம். அப்படிச் செய்ததில் ஒரு நன்மை விளைந்தது. தாளத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது சொல் மட்டுமே. கவிதையும் பேச்சே, அதில் நல்லது நல்லது, தீயது தீயது என்ற கருத்தை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கூறியிருப்பது அறிஞர்களிடையே நன்கறியப்பட்டது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான்.

ராப் என்பது பாட்டைவிடப் பேச்சுக்கு நெருக்கமானது; தாளத்தின்மீது எதுகையோடு விரைந்து உரைக்கும் கலை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று இளைஞர்கள் கூடிய ஒரு விருந்தை ஹிப்ஹாப்பின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். வறுமையில் வாழ்ந்த கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும் தங்கள் தெருவின் மொழியில் பேசத் தொடங்கிய கலை அது. அரபு இலக்கியத்தைச் சற்றேனும் ஓதியவருக்கு இதன் பல கூறுகள் புதியவை அல்ல. உமய்யாக்களின் காலத்தில் ஜரீரும் ஃபரஸ்தக்கும் பல ஆண்டுகள் ஒருவரையொருவர் இகழ்ந்து பாடினர். ஒருவர் பாடிய அதே சந்தத்திலும் அதே எதுகையிலும் மற்றவர் மறுமொழி பாட வேண்டும் என்பது விதி. ‘நகாஇள்’ என்று அதற்குப் பெயர். பஸராவின் மிர்பத் சந்தையில் அதைக் கேட்கக் கூட்டம் கூடியது. தமிழிலும் வசைகவி உண்டு. காளமேகத்தை அறியாதவர் யார்? ஆகவே, 2024இன் வசந்தத்தில் லமாரும் டிரேக்கும் ஏட்டிக்குப் போட்டியாகப் பாடல்களை வெளியிட்டபோது, மாணவர்கள் ‘பீஃப்’ என்று சொன்னதை நாம் ‘ஹிஜா’ என்று அடையாளம் கண்டோம். வசைபாடுவதற்கு அரபுமொழி வைத்திருக்கும் பழைய பெயர் அது.

‘நாட் லைக் அஸ்’ பாடலைப் பற்றி நம் கருத்தை நேராகவே சொல்கிறோம். சொல்லாற்றல் மிக்க பாடல் அது. அதன் மூன்றாம் பகுதியில் அட்லாண்டா நகரத்தின் அடிமைக்கால வரலாறு வருகிறது. கறுப்பின மக்களின் உழைப்பைக் கொண்டு பிறர் செழித்ததைப் பாடகர் எடுத்துரைக்கிறார். சிந்திக்கத்தக்க பகுதி அதுவே. (அங்கே ‘மக்கா’ என்ற சொல் ஒரு தொழிலின் மையம் என்ற பொருளில் வருகிறது. ஆங்கிலத்தில் இது நெடுநாளைய வழக்கு. மாணவர் ஒருவர் அதைக் கண்டு முதலில் மகிழ்ந்தார். பொருள் புரிந்தபின் முகம் வாடினார்.) ஆனால் மக்கள் கூடிக் கூவுவது அந்தப் பகுதியை அன்று. பாடலின் மற்றப் பகுதிகளில், எதிராளியின்மீது சிறார் தொடர்பான மிக இழிவான குற்றச்சாட்டு ஒன்று சுமத்தப்படுகிறது. அதனை விவரிக்க நம் எழுத்து கூசுகிறது. டிரேக் அதை மறுத்தார். எந்த நீதிமன்றமும் அதனை உண்மை என்று கூறவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து உரக்கக் கூவ வசதியாக, ஒரு நகைச்சுவையைப் போல, அது அமைக்கப்பட்டிருக்கிறது.

2025 பிப்ரவரி 2 அன்று அந்தப் பாடல் 5 கிராமி விருதுகளைப் பெற்றது. அடுத்த ஞாயிறன்று நியூ ஓர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுல் விளையாட்டின் இடைவேளையில் லமார் அதைப் பாடினார்; அரங்கமே சேர்ந்து பாடியது. இதற்கு முன்னரே, அந்த ஆண்டு ஜனவரியில், டிரேக் அவதூறு வழக்குத் தொடுத்திருந்தார். லமார்மீது அன்று, இருவருடைய பாடல்களையும் வெளியிடும் யுனிவர்சல் இசை நிறுவனத்தின்மீது. அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ராப் சண்டையின் வெப்பத்தில் சொல்லப்படுவதைக் கேட்பவர் ஒரு கருத்தாகவே கொள்வார், மெய்ப்பிக்கத்தக்க செய்தியாகக் கொள்ள மாட்டார் என்பதே தீர்ப்பின் சாரம். எளிமையாகச் சொன்னால், ‘அது பாட்டுத்தானே’ என்பது.

‘பாட்டுத்தானே’ என்ற வாதம் நம் வரலாற்றிலும் வந்திருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் மைசான் என்னும் பகுதிக்கு நுஃமான் இப்னு அதீ என்பவரை ஆளுநராக அமர்த்தியிருந்தார்கள். அவர் மது விருந்தை வருணித்துச் சில அடிகள் பாடினார். அவை கலீஃபாவின் செவிக்கு எட்டின. உமர் (ரலி) அவர்கள் அவரைப் பதவிநீக்கம் செய்து அழைத்தார்கள். தாம் மது அருந்தியதே இல்லை, அது வெறும் கவிதை என்று நுஃமான் கூறினார். கவிஞர்கள் தாம் செய்யாததைச் சொல்பவர்கள் என்பது சூரத்துஷ் ஷுஅராவின் இறுதியில் வரும் செய்தி (26:226). உமர் (ரலி) அவர்கள் அவரை நம்பினார்கள். மதுவுக்குரிய தண்டனையை நிறைவேற்றவில்லை. ஆனால் அப்படிப் பாடிய நாவை வைத்துக்கொண்டு இனி தம்மிடம் பணியாற்ற முடியாது என்று மறுத்துவிட்டார்கள். இந்தச் செய்தியை இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் அவ்வசனத்தின் விளக்கத்தில் எடுத்துரைக்கிறார். அமெரிக்க நீதிபதி நின்ற இடத்துக்கு உமர் (ரலி) அவர்களும் வந்தார்கள். ஆனால் அங்கே நின்றுவிடவில்லை. குற்றவியல் சட்டம் தொடாத சொல்லுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்பதைப் பதவியைப் பறித்துக் காட்டினார்கள்.

அவர்களுடைய இன்னொரு வழக்கு இதைவிட நுட்பமானது. ஹுதைஆ என்னும் கவிஞர் வசைபாடுவதில் கைதேர்ந்தவர். ஸிப்ரிகான் இப்னு பத்ர் என்ற குலத்தலைவரைப் பற்றி அவர் பாடினார். மேலோட்டமாகப் பார்த்தால் அதில் இழிசொல் எதுவும் இல்லை. உண்ணவும் உடுக்கவும் வசதியுள்ள நீர் உயர்ந்த செயல்களைத் தேடி ஏன் அலைய வேண்டும், வீட்டிலேயே இருந்துகொள்ளலாமே என்ற கருத்து. ஸிப்ரிகான் கலீஃபாவிடம் முறையிட்டார். இது கண்டிப்பாகத் தோன்றுகிறதே தவிர வசையாகத் தோன்றவில்லையே என்றார்கள் உமர் (ரலி). பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. தாமே முடிவு சொல்லிவிடவில்லை; கவிதையின் உள்ளும் புறமும் அறிந்த ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை வரவழைத்துக் கருத்துக் கேட்டார்கள். இது வசை மட்டுமன்று, அதனினும் கொடியது என்று ஹஸ்ஸான் (ரலி) கூறினார்கள். அதன்பின்னரே கவிஞருக்குச் சிறை. சிறையிலிருந்து ஹுதைஆ, இறகு முளைக்காத குஞ்சுகளைப் போன்ற தம் பிள்ளைகளின் நிலையைச் சொல்லி ஒரு கவிதை அனுப்பினார். உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள், விடுவித்தார்கள். முஸ்லிம்களின் மானத்தை அவருடைய நாவிடமிருந்து 3,000 திர்ஹம் கொடுத்து விலைக்கு வாங்கினார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

கலீஃபாவே ஒரு கவிதையைப் பற்றிக் கருத்துச் சொல்லுமுன் அதை அறிந்தவரிடம் கேட்டார். நம்மில் பலர், பிள்ளை காதில் மாட்டியிருப்பது என்ன மொழி என்றுகூட விசாரிக்காமல் தீர்ப்பை எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் பிள்ளையின் உள்ளத்தில் அது இறங்குவதில்லை.

இனி, பாடியவரை விட்டுவிட்டுப் பாடலைக் கேட்டு உடன் பாடுபவரைப் பற்றி. நம் பிள்ளைகளின் இடம் அதுதான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரப்பப்பட்ட நிகழ்ச்சியைப் பற்றிச் சூரத்துந் நூர் பேசும்போது, இட்டுக்கட்டியவர்களை மட்டும் அது கண்டிக்கவில்லை. கேட்டதை நாவால் வாங்கி நாவால் கடத்தியவர்களையும், அறிவில்லாத ஒன்றை வாயால் சொல்லி அதை அற்பமாக எண்ணியவர்களையும் கண்டிக்கிறது. அல்லாஹ்விடத்தில் அது மாபெரும் செயல் என்கிறது (24:15). நாவால் வாங்குதல்! செவியால் வாங்கி, உள்ளத்தில் நிறுத்தி, பின்னர் நாவுக்கு வருவதுதானே முறை? அந்த இடைவழியெல்லாம் விடுபட்டு, செவியிலிருந்து நேரே நாவுக்கு ஒரு சொல் பாய்ந்துவிடுகிறது. ராப் பாடலின் பல்லவியைக் கூட்டத்தோடு கூவும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. டிரேக் என்பவர் யார், அவர் என்ன செய்தார், செய்யவில்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனிதரின் மானத்தைப் பற்றிய சொல் அன்றாடம் பத்து முறை அவனுடைய நாவில் ஏறி இறங்குகிறது.

அந்த அவதூறு நிகழ்ச்சியில் நாவு தவறியவர்களுள் ஹஸ்ஸான் (ரலி) அவர்களும் ஒருவர் என்பது நம்மை எப்போதும் நடுங்கச் செய்யும் செய்தி. நபி (ஸல்) அவர்கள் யாருக்காகப் பள்ளிவாசலில் மிம்பர் வைக்கச் செய்தார்களோ, யாருடைய கவிதைக்கு ரூஹுல் குத்ஸின் துணை உண்டு என்றார்களோ, அந்தக் கவிஞர் அவர். பிற்காலத்தில் ஆயிஷா (ரலி) அவர்களின் முன்னிலையில் உர்வா (ரஹ்) அவர்கள் ஹஸ்ஸானை ஏசத் தொடங்கியபோது, அன்னை தடுத்துவிட்டார்கள். அவர் அல்லாஹ்வின் தூதருக்காக மறுமொழி பாடியவர் என்றார்கள் (நூல்: புகாரி). சொல்லால் காயப்பட்டவரே, சொல்லால் காத்தவரை நினைவுகூர்ந்து மன்னித்தார்கள். நாவின் நன்மை தீமை இரண்டையும் அந்த ஒரே வாழ்வில் காண்கிறோம்.

இப்போது ‘ஹிந்த்ஸ் ஹால்’.

2024 ஜனவரி 29 அன்று காஸா நகரின் தல் அல்ஹவா பகுதியிலிருந்து ஒரு குடும்பம் காரில் வெளியேற முயன்றது. கார் சுடப்பட்டது. முதலில் 15 வயதுச் சிறுமி லயான் ஹமாதா செம்பிறைச் சங்கத்தைத் தொலைபேசியில் அழைத்தார், பேசிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டார். பிறகு, இறந்த உறவினர்களின் நடுவே உயிரோடிருந்தவள் 5 வயது ஹிந்த் ரஜப் மட்டுமே. பல மணிநேரம் அவள் தொலைபேசியில் பேசினாள். தன்னை வந்து அழைத்துச் செல்லும்படி கெஞ்சினாள். வழி ஒருங்கிணைக்கப்பட்டு ஓர் ஆம்புலன்ஸ் அனுப்பப்பட்டது. அதன்பின் ஆம்புலன்ஸுடனும் தொடர்பு அறுந்தது. 12 நாள்கள் கழித்து, பிப்ரவரி 10 அன்று, அவளுடைய உடலும், குடும்பத்தாரின் உடல்களும், சற்றுத் தொலைவில் சிதைந்த ஆம்புலன்ஸில் இரு மருத்துவ ஊழியர்களின் உடல்களும் கிடைத்தன. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள், பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் ஹால் என்னும் கட்டடத்தைக் கைப்பற்றி அதற்கு ‘ஹிந்தின் மண்டபம்’ என்று பெயர் சூட்டினர். அன்றிரவே காவல்துறை அவர்களை வெளியேற்றியது. ஒரு வாரத்துக்குள் அந்தப் பெயரில் இந்தப் பாடல் வந்தது. மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாடல். லெபனான் பாடகி ஃபைரூஸின் பழைய பாடல் ஒன்றின் இசைத்துணுக்கின்மீது அமைந்தது. அதன் வருவாயை ஐக்கிய நாடுகள் சபையின் பலஸ்தீன அகதிகள் நிவாரண அமைப்புக்கு வழங்குவதாக மேக்லமோர் அறிவித்தார். அந்த வாரம் முழுவதும் இசையுலகம் லமார், டிரேக் சண்டையில் மூழ்கியிருந்ததையும் அவர் பாடலிலேயே சாடுகிறார்: போர்நிறுத்தம் வேண்டிய நேரத்தில் ஒரு பாடகரின் மறுமொழிக்கா காத்திருக்கிறீர்கள் என்பது அவருடைய கேள்வியின் கருத்து. ஒரே வாரத்தின் இரண்டு பாடல்களையும் எடைபோட நமக்கு வேறு தராசு தேவையில்லை. ஒன்று மற்றொன்றைத் தானே நிறுத்துக் காட்டியது.

ஆனால் அந்த இடத்தில் அவர் ஆளும் சொல் கெட்டவார்த்தை. வேறு சில இடங்களிலும் உண்டு. “அநீதியைக் கண்டு கோபத்தில் சொல்வதுதானே, ஹஜ்ரத்?” என்று மாணவர்கள் அவருக்காக வாதாடினர். தீய சொல்லை வெளிப்படையாகக் கூறுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர, என்ற கருத்துள்ள வசனத்தை (4:148) அவர்களே எடுத்துக்காட்டியது நமக்கு மகிழ்ச்சி அளித்தது, ஓதிக்கொடுத்தது வீண்போகவில்லை. எனினும் அந்த விலக்கு அநீதிக்கு ஆளானவருக்கு உரியது. அவர் தமக்கு இழைக்கப்பட்டதை எடுத்துரைத்து முறையிடலாம் என்பதே விரிவுரையாளர்கள் தரும் விளக்கம். ஹிந்தின் தாய் உரைப்பதற்கு அதில் இடமுண்டு. மொட்டைமாடியில் உட்கார்ந்து பாடும் நம் பிள்ளையின் நாவில் அந்தக் கெட்டவார்த்தை வெறும் கெட்டவார்த்தையாகவே நிற்கிறது. காஸாவுக்கு அதனால் எதுவும் போய்ச் சேர்வதில்லை.

பாடியவர் முஸ்லிம் அல்லர் என்பதால் பாடலின் நற்கருத்தைப் பாராட்டலாகாதா என்று ஒரு தகப்பனார் கேட்டார். தாராளமாகப் பாராட்டலாம். ஷரீத் (ரலி) அவர்கள் ஒருநாள் நபி (ஸல்) அவர்களுடன் ஒரே வாகனத்தில் பின்னால் அமர்ந்து சென்றார்கள். உமய்யா இப்னு அபிஸ் ஸல்தின் கவிதை ஏதும் தெரியுமா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஓர் அடி சொன்னதும் இன்னும் சொல்லுங்கள் என்றார்கள்; இப்படியே 100 அடிகள் (நூல்: முஸ்லிம்). உமய்யா இஸ்லாத்தை ஏற்காமலேயே இறந்தவர். அவருடைய சொல்லில் இருந்த உண்மையை அண்ணலார் விரும்பிக் கேட்டார்கள். அவரைத் தலைவராக ஏற்கவில்லை. தாயிஃபிலிருந்து திரும்பிய வேளையில் தமக்கு அடைக்கலம் அளித்த முத்இம் இப்னு அதீயும் முஸ்லிம் அல்லர். அவர் உயிரோடிருந்து பரிந்து பேசியிருந்தால் பத்ரின் கைதிகளை அவருக்காக விட்டிருப்பேன் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் வெளியிட்டார்கள் (நூல்: புகாரி). நன்றி மறவாமை நம் மார்க்கத்தின் பண்பு.

ஆயினும் நன்றி வேறு, பின்பற்றுதல் வேறு. அதே மேக்லமோர் 2012இல் வெளியிட்ட ‘சேம் லவ்’ என்ற பாடல், நம் மார்க்கம் ஏற்காத ஒரு திருமண முறையை ஆதரித்துப் பாடப்பட்டது. ஒரு பாடலுக்காக அவருடைய பெயரைச் சுவரில் ஒட்டிய மாணவருக்கு இதைத் தெரிவித்தபோது, அவர் வருந்தினார். வருந்த வேண்டியதில்லை. அந்த மனிதர் தம் மனச்சான்றுப்படி இரண்டையும் பாடினார். நாம் நம் மார்க்கப்படி ஒன்றை ஏற்கிறோம், மற்றொன்றை ஏற்கவில்லை. ஒட்டியதைக் கிழிக்கச் சொல்லவில்லை. யாரையும் முழுதாக ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்றோம்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. ராப் பாடலில் ‘அல்லாஹ்’, ‘ஸலாம்’ என்ற சொற்கள் வந்துவிட்டால் பாடுபவர் நம்மவர் என்று பிள்ளைகள் பூரிக்கிறார்கள். யாசீன் பே, தாம் மோஸ் டெஃப் என்று அறியப்பட்ட காலத்தில், 1999இல் வெளியிட்ட தொகுப்பைப் பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்கினார், அவர் முஸ்லிம். ஆனால் 1964 அளவில் நியூயார்க்கின் ஹார்லெமில் தோன்றிய ‘ஐந்து விழுக்காட்டினர்’ என்னும் குழுவின் சொற்களும் பழைய ராப் பாடல்களில் நிறையக் கலந்துள்ளன. கறுப்பின ஆணையே கடவுள் என்று கருதும் கொள்கை அது. தவ்ஹீதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் சொல் ஒலித்ததாலேயே அது நம் பொருளாகிவிடுவதில்லை.

பெற்றோரிடம் நாம் சொல்வது சுருக்கமானது. கைப்பேசியைப் பிடுங்குவது ஒருநாள் வேலை. மறுநாள் பிள்ளை நண்பனின் கைப்பேசியில் கேட்பான். ஒரு பாடலின் வரிகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பொருளை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உம்மாவின் முன்னால் வாய்விட்டுப் பொருள் சொல்ல முடியாத பாடல் எது என்பதை அவனே கண்டுகொள்கிறான். இதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது இதற்குத் தடையன்று. உண்மையில் அதுவே உதவி.

எல்லாவற்றையும் பேசி முடித்த ஒருநாள், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், ஒரு அமெரிக்கப் பாடகர் ஹிந்தின் பெயரைச் சொன்னார். நம் பள்ளியில் துஆவில் பலஸ்தீன் என்று சொல்கிறோம். அவளுடைய பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெயர் சொல்லக் கூடாதா?”

அந்தக் கேள்வியில் குறும்பு இல்லை. நியாயம் இருந்தது. ஹதீஸ் நூலை எடுத்து, குனூத் பற்றிய பாடத்தைத் திறந்தோம். மக்காவில் சிறைப்பட்டுக் கிடந்த வலீத் இப்னு வலீத், ஸலமா இப்னு ஹிஷாம், அய்யாஷ் இப்னு அபீ ரபீஆ ஆகியோரை விடுவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் துஆச் செய்தார்கள். அதன்பின் பலவீனமான இறைநம்பிக்கையாளர்கள் அனைவருக்காகவும் கேட்டார்கள் (நூல்: புகாரி). முதலில் பெயர்கள், பிறகே பொதுவானது. ‘ஒடுக்கப்பட்டோர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அந்த மூவரும் அடங்கிவிடுவார்கள் என்று அண்ணலார் விட்டுவிடவில்லை.

மாணவர் தம் நோட்டை விரித்து ஹிந்த் ரஜப், லயான் ஹமாதா என்று அரபியில் எழுதினார். அவளை மீட்கச் சென்ற அந்த இருவரின் பெயர்கள் என்ன என்று கேட்டார். யூசுஃப் ஸைனூ, அஹ்மத் அல்மத்ஹூன் என்றோம். கடைசிப் பெயரில் வருவது பெரிய ஹாவா, சிறிய ஹாவா என்று பேனாவை நிறுத்திக்கொண்டு ஏறிட்டுப் பார்த்தார். மீம், தால், சிறிய ஹா, வாவ், நூன் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். இஷாவுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது.